வாடிப்பட்டியில் ஒரு மார்கழிக் கல்யாணம்

‘தெரியாது’ என்ற வார்த்தை என் வாயில் வராது. பெருமைக்காகச் சொல்லவில்லை, வியாதி என்று சொல்கிறேன். யாராவது வழி கேட்டால், அந்த ஊரில் நானே முதல் தடவையாகக் கால் வைத்திருந்தாலும், “நேராகப் போய் இடது பக்கம் திரும்புங்கள்” என்று கை காட்டிவிடுவேன். அப்படித் திரும்பியவர்கள் எல்லாம் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்று நான் விசாரித்ததில்லை.

இந்த வியாதி நன்றாக முற்றியிருந்த இருபத்து மூன்றாவது வயதில் நான் பார்த்த உத்தியோகம் வழிகாட்டி. (சிரிக்க வேண்டாம். எனக்கே அப்போது சிரிப்பு வரவில்லை.) பி.ஏ. பரீட்சை என்னை இரண்டு தரம் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. படித்த காலத்துக்கு அடையாளமாக ஒரு கறுப்புக் கோட்டும், கொஞ்சம் இங்கிலீஷும் மிச்சம். கொழும்பிலிருந்து ரயிலேறி வரும் வெள்ளைக்காரர்கள் மதுரை ஸ்டேஷன் மாடி அறைகளில் தங்குவார்கள். அவர்களைப் பிடித்துக் கோவிலையும் மஹாலையும் சுற்றிக் காட்டுவது என் வேலை. தூண்கள் எத்தனை என்று கேட்டால் உடனே ஒரு எண்ணைச் சொல்வேன். ஆயிரம் என்றால் சந்தேகப்படுவார்கள். ஆயிரத்து நூற்றுப் பதினேழு என்றால் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்வார்கள். இது நானாகக் கண்டுபிடித்த தொழில் ரகசியம்.

இந்த உத்தியோகத்தை நம்பித்தான் என் அம்மா எனக்குப் பெண் பார்த்தாள். வாடிப்பட்டியில் ஒரு நல்ல குடும்பம், பெண் பெயர் பாக்கியம். கார்த்திகையில் அம்மாவும் என் தாய்மாமன் வேலு மாமாவும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். ஜாதகம் பொருந்தியது. அம்மா, “பையன் வெள்ளைக்காரங்களோட உத்தியோகம்” என்று ஒரே போடாகப் போட்டிருக்கிறாள். பெண்ணின் அப்பா நிதானமானவர். “மார்கழி பிறக்கப் போகுது. தை வரட்டும், மாப்பிள்ளை வந்து பொண்ணப் பாக்கட்டும். அதுக்குள்ள பையனோட உத்தியோகத்தப் பத்தி நாங்களும் கொஞ்சம் விசாரிச்சுக்கிடுறோம்” என்றாராம்.

விசாரிப்பது என்ற சொல்தான் என்னைத் தூங்க விடவில்லை. ஸ்டேஷன் வாசலில் நின்று யாராவது விசாரித்தால், “அந்தக் கோட்டுக்காரப் பயலா?” என்று கேட்கப் பத்துப் பேர் இருந்தார்கள். எனக்கோ இந்தப் பெண் வேண்டும். பார்த்ததே இல்லை, ஆனாலும் வேண்டும். அம்மா அவளைப் பற்றிச் சொன்ன ஒரே ஒரு விஷயம், “ரொம்பச் சிரிக்கிறா, அதுதான் கொஞ்சம் யோசனையா இருக்கு” என்பது. எங்கள் வீட்டில் யாரும் சிரித்து நான் பார்த்ததில்லை. அதனாலேயே எனக்கு அவளைப் பிடித்துப் போனது.

அப்போதுதான் அந்தத் துரையும் துரைசானியும் வந்து சேர்ந்தார்கள். இருவருக்கும் அறுபது வயதிருக்கும். துரை எதைச் சொன்னாலும் எழுதிக்கொள்கிற ஜாதி. துரைசானி எதைப் பார்த்தாலும் படம் பிடிக்கிற ஜாதி. கழுத்தில் ஒரு பெட்டிக் கேமரா எப்போதும் தொங்கும். கோவில் எல்லாம் பார்த்தாயிற்று, ஒரு நாள் முழுக்க மோட்டாரில் சுற்றி, சுற்றுப்பட்ட ஊர்களைப் பார்க்க வேண்டும் என்றார்கள். “அந்த ஊர்கள் எல்லாம் உனக்குத் தெரியுமா?” என்று துரை கேட்டார். நான் அதுவரை வடக்கே கோரிப்பாளையத்தைத் தாண்டியவன் இல்லை. “என் உள்ளங்கை மாதிரி” என்றேன்.

கோரிப்பாளையத்துக் காதர் அண்ணனின் வாடகை மோட்டாரை அமர்த்தினேன். ஒத்தக்கடை, மேலூர் என்று கிழக்கே போய்விட்டுச் சாயங்காலம் திரும்புவதாக ஏற்பாடு. ஒத்தக்கடையில் யானைமலையைப் பார்த்துத் துரைசானி சொக்கிப் போனாள். அதன் கதையைக் கேட்டாள். உண்மையான கதை எனக்கு மறந்துவிட்டது. ஒரு ராஜா கோபத்தில் தன் யானையைப் பட்டினி போட்டார், அது படுத்தது, பிறகு எழுந்திருக்கவில்லை என்று ஒன்றைக் கட்டிவிட்டேன். இளநீர் வெட்டிக்கொண்டிருந்தவர் அரிவாளை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

கிளம்பும்போது துரைசானி, “இவருக்கு உங்கள் பாஷையில் ஏதாவது சொல்ல வேண்டும்போல் இருக்கிறதே” என்றாள். “போயிட்டு வாரேன்” என்று சொல்லிக் கொடுத்தேன். “எங்கே போனாலும் கிளம்பும்போது கைகூப்பி இதைச் சொல்லுங்கள். எங்கள் ஜனங்கள் உங்களை ஜென்மத்துக்கும் மறக்க மாட்டார்கள்.” (அந்த நாள் முழுவதும் நான் சொன்னவற்றில் இது ஒன்றுதான் உண்மை.) அவள் இளநீர்க்காரரிடம் சொன்னாள். அவருக்கு வாயெல்லாம் பல். இன்னொரு இளநீரைச் சும்மா வெட்டிக் கொடுத்தார்.

அந்தச் சந்தோஷத்தைப் பார்த்ததும் என் மண்டைக்குள் ஒரு விபரீத யோசனை புகுந்தது. இதே மோட்டார், இதே கோட்டு, இதே வெள்ளைக்காரர்களோடு நான் பாக்கியம் வீட்டுத் தெருவில் ஒரு தடவை போய் வந்தால் என்ன? விசாரிப்பதற்கு அப்புறம் என்ன இருக்கிறது? அழைப்பு இல்லாமல் மாப்பிள்ளை பெண் ஊர் எல்லையில் கால் வைக்கக் கூடாது என்பது உண்மைதான். ஆனால் நான் கால் வைக்கப் போவதில்லையே, வண்டியில்தானே போகிறேன் என்று எனக்கு நானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டேன்.

“காதர் அண்ணே, வண்டிய வாடிப்பட்டிக்குத் திருப்புங்க.”

“ஏந் தம்பி, கிழக்க போகணும்னு சொல்லிப்புட்டு இப்ப மேக்க திருப்பச் சொல்றீகளே, இது மோட்டாரா ராட்டினமா?”

வந்த வழியே திரும்பிக் கோரிப்பாளையத்தைக் கடந்தோம். துரை தர்கா கும்மட்டத்தைக் காட்டி, “இதைக் காலையில் பார்த்தோமே” என்றார். “அது வேறு, இது வேறு” என்றேன். காதர் அண்ணன் தன் வீட்டு வாசலில் நின்ற மனைவிக்குக் கையைக் காட்டினார். துரை அதையும் கவனித்தார். ஏதோ எழுதிக்கொண்டார்.

சமயநல்லூர் தாண்டியதும் துரைசானி, “ஒரு கல்யாணத்தைப் பார்க்க முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!” என்றாள்.

“அதற்கென்ன? இந்தப் பருவத்தில் தினமும் கல்யாணம்தான்.”

காதர் அண்ணனுக்கு மேரேஜ் என்றால் என்னவென்று தெரியும். வண்டியை ஓட்டிக்கொண்டே, “மார்கழி மாசத்துல எவன் தம்பி பொண்ணு குடுப்பான்?” என்றார். துலுக்கருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. பேசாமல் ஓட்டுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

வாடிப்பட்டிக்குள் நுழைந்ததும் கொட்டுச் சத்தம், வேட்டுச் சத்தம். தூரத்தில் ஒரு பந்தல், வாசலில் பூ, கூட்டம். “கல்யாணமா?” என்று துரைசானி துள்ளினாள். “கல்யாணமேதான்!” என்றேன், நானே ஏற்பாடு செய்த மாதிரி. எந்தக் கொட்டு எதற்கு அடிப்பது என்று பச்சைப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். நான் மதுரையில் பிறந்து பி.ஏ. வரை படித்தவன்.

வண்டி நெருங்கியதும் எனக்குப் பகீர் என்றது. பிள்ளையார் கோவிலுக்குப் பின்னால், பச்சைக் கதவு போட்ட காரை வீடு. அம்மா சொன்ன அதே வீடு. என்னைத் தை வரை காக்க வைத்துவிட்டு, பாக்கியத்தை வேறு எவனுக்கோ கட்டி வைக்கிறார்களா? காதர் அண்ணன், “தம்பி, இறங்காதீக, இது வேற...” என்று ஆரம்பிப்பதற்குள் நான் குதித்துப் பந்தலுக்குள் பாய்ந்தேன். துரையும் துரைசானியும் என் பின்னாலேயே வந்துவிட்டார்கள்.

பந்தல் நடுவில் நாற்காலியில் மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். பட்டு வேட்டி, தலைப்பாகை, மூக்குக் கண்ணாடி, கழுத்து நிறைய மாலை. வயது தொண்ணூற்று மூன்று. நெற்றியில் ஒரு காசு. தாடையைச் சேர்த்து ஒரு வெள்ளைத் துணிக்கட்டு. கால் பெருவிரல்கள் இரண்டையும் ஒன்றாகக் கட்டியிருந்தது.

பாக்கியத்தின் தாத்தா. பேரன் பேத்தி எடுத்து, நிறைந்த வயதில் போனவர். அப்படிப்பட்டவரை எங்கள் பக்கம் கொட்டும் வேட்டுமாகத்தான் அனுப்பி வைப்பார்கள்.

இந்த இடத்தில் மனிதனாகப் பிறந்த எவனும், “மன்னிக்க வேண்டும், நான் தவறாகச் சொல்லிவிட்டேன்” என்றிருப்பான். துரைசானி என் காதோரம், “மாப்பிள்ளைக்கு வயது கொஞ்சம் அதிகமோ?” என்றாள்.

“எங்கள் பக்கம் அதுதான் வழக்கம்” என்றேன்.

“ஏன் அசையாமல் இருக்கிறார்?”

“முகூர்த்தம் முடியும் வரை அசையக் கூடாது.”

“தாடையில் என்ன கட்டு?”

“கல்யாணத்தன்று மாப்பிள்ளை பேசக் கூடாது.”

துரை முதல் முறையாகச் சிரித்து, “எங்கள் ஊரிலும் ஏறக்குறைய அப்படித்தான்” என்று எழுதிக்கொண்டார். உள்ளேயிருந்து பெண்கள் அழும் சத்தம் கேட்டது. பெண் வீட்டார் பிரிவு தாங்காமல் அழுகிறார்கள் என்றேன். துரைசானிக்குக் கண் கலங்கிவிட்டது. பையிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்து, தலை வணங்கி, தாத்தாவின் மடியில் வைத்தாள்.

கொட்டு ஓய்ந்தது. பாக்கியத்தின் அப்பா எழுந்து வந்தார். “இவுக யாரு தம்பி?”

“பெரிய துரைங்க. ஐயாவப் பத்திக் கேள்விப்பட்டு மரியாதை செய்ய வந்திருக்காக.”

அந்த மனிதர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “எங்கப்பாவ அம்புட்டுத் தூரத்துல தெரிஞ்சிருக்கா?”

“தெரியாமலா!” என்றேன். அவர் முகத்தைப் பார்த்தபோது உடம்பு கூசியது. ஆனாலும் ஒரு மூலையில், சம்பந்தம் முடிந்த மாதிரிதான் என்று ஒரு சபலமும் ஓடியது. இப்படிப்பட்ட பயலாகத்தான் நான் இருந்தேன்.

துரைசானி கேமராவைத் தூக்கினாள். பாக்கியத்தின் அப்பா பதறி, “படம் எடுக்குறாக! அந்தக் கட்ட அவுத்து விடுங்கடா, காச எடுங்கடா, மாலைய நேரா இழுத்து விடுங்க” என்று தகப்பனாரைத் தன் கையாலேயே சரிசெய்தார். துரைசானி என்னையும் மாப்பிள்ளை பக்கத்தில் நிற்கச் சொன்னாள். நின்றேன். தோழன் மாதிரி நாற்காலியில் கையை வைத்துக்கொள், சிரி என்றாள். வைத்துக்கொண்டேன், சிரித்தேன். உள்ளே தூணுக்குப் பின்னால் ஒரு பெண் என்னையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதோடு கிளம்பியிருந்தால் தப்பித்திருப்பேன். துக்க வீட்டிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து போவதுதானே நம் முறை? நான் மெல்ல நழுவினேன். ஆனால் துரைசானி என் மாணவி. காலையில் படித்த பாடத்தை மறக்கவில்லை. தாத்தாவின் முன் நின்று கைகூப்பி, ஊருக்கே கேட்கிற குரலில், “போயிட்டு வாரேன்!” என்றாள்.

கூட்டம் உறைந்துபோனது. அவள் அதை மரியாதை என்று நினைத்தாள் போலிருக்கிறது. பெண்கள் பக்கம் திரும்பி ஒரு “போயிட்டு வாரேன்”. கொட்டுக்காரர்களுக்கு ஒன்று. கடைசியாக, பந்தல் ஓரத்தில் கட்டிலில் உட்கார்ந்திருந்த தாத்தாவின் தம்பியிடம் போனாள். அவருக்கு எண்பத்தெட்டு வயது. ஊரில் அவரைச் சின்னத் தாத்தா என்பார்கள். அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, கண்ணுக்குள் பார்த்து, மிகவும் பிரியமாக, “போயிட்டு வாரேன்” என்றாள்.

சின்னத் தாத்தா கையை உதறிக்கொண்டு, “ஆத்தி! எனக்கா?” என்று அலறினார்.

ஒரு அத்தை எழுந்து வந்து இடுப்பில் கையை வைத்தாள். “ஏம்மா, மறுக்கா வாரியா? யாருக்கு வாரே? சொல்லிட்டுப் போ!”

பாக்கியத்தின் அப்பா என் கோட்டைப் பிடித்தார். “தம்பி, நீ யாரு? எந்த ஊரு? யாரு மகன்?”

ஒரு பொய்ப் பெயரும் ஊரும் நாக்கு நுனி வரை வந்துவிட்டன. அந்த நேரம் பார்த்து, துக்கத்துக்கு மதுரையிலிருந்து வந்த வேலு மாமா கையில் மாலையோடு பந்தலுக்குள் நுழைந்தார். “டேய் சுந்தரம்! நீ எங்கிட்டுடா இங்க?”

“இவனா மாப்பிள்ளை?” என்றார் பாக்கியத்தின் அப்பா. உடனே தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு பீறிட்டு வந்தது. வாயை முந்தானையால் பொத்தியும் அடங்கவில்லை. யாரோ ஒருத்தி அவளை உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். பாக்கியத்தை நான் முதன் முதலில் பார்த்தது அப்படித்தான்.

கோட்டை உருவிக்கொண்டு, துரையையும் துரைசானியையும் இழுத்துக்கொண்டு வண்டியில் ஏறினேன். சமயநல்லூர் கேட் அருகில் காதர் அண்ணன், “எங்க மௌத்து வீட்டுலகூட இப்படிச் சொல்ல மாட்டோம் தம்பி” என்றார். பின்னால் துரைசானி, எவ்வளவு உணர்ச்சியுள்ள ஜனங்கள் என்று துரையிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

தை பிறந்தது. வாடிப்பட்டியிலிருந்து ஒரு தகவலும் பிறக்கவில்லை. சின்னத் தாத்தா அன்று இரவே காய்ச்சலில் படுத்தவர் இன்னும் எழுந்திருக்கவில்லை என்று மட்டும் மாமா மூலம் தெரிந்தது. அவருக்கு ஒன்று ஆகிவிட்டால் சம்பந்தமும் அவரோடு போய்விடும். அம்மா என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள். முன்பின் தெரியாத ஒரு கிழவரின் ஆயுளுக்காக நான் தினமும் கோவிலுக்குப் போய்க் கும்பிட்டேன். அந்தச் சிரிப்பு வேறு காதிலேயே நின்றது. அதை இனிமேல் கேட்க முடியாது என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை.

மாசி முடியும்போது சீமையிலிருந்து ஒரு தபால் வந்தது. உள்ளே ஒரு படம். தாத்தா கண்ணாடியும் தலைப்பாகையுமாக, ஜமீன்தார் கணக்காக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நான். படம் எடுத்த அந்த நொடியில் கண்ணை மூடியிருக்கிறேன், வாய் பிளந்திருக்கிறது. கூடவே துரைசானியின் கடிதம்.

வேலு மாமா படத்தை வெகு நேரம் பார்த்தார். “அந்த வீட்டுல பெரியவரு படம் ஒண்ணுகூடக் கிடையாதுடா. இதக் கொண்டுபோய்க் குடு. அடிச்சா வாங்கிக்க.”

போனேன். கோட்டுப் போடாமல், படத்தையும் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். பாக்கியத்தின் அப்பா படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். “எங்கப்பாதான்... அப்படியே இருக்காரு” என்றார். கட்டிலில் கிடந்த சின்னத் தாத்தா தலையைத் தூக்கி, என்னை அடையாளம் கண்டு, “அந்த அம்மா வந்திருக்கா?” என்று கேட்டுப் போர்வையை இழுத்துக்கொண்டார்.

“அந்தக் காயிதத்துல என்ன எழுதியிருக்கு? படிங்க” என்றார் பாக்கியத்தின் அப்பா.

என்ன வேண்டுமானாலும் படித்திருக்கலாம். அந்த வீட்டில் இங்கிலீஷ் தெரிந்தவர் யாரும் இல்லை. பெரியவரின் புகழ் கடல் கடந்து பரவியிருக்கிறது என்று ஒரு பக்கம் அளந்திருக்கலாம். படத்தைப் பார்த்துக் கலங்கி நின்ற அந்த மனிதரிடம் எனக்கு மனசு வரவில்லை. எழுதியிருந்ததை வரிக்கு வரி சொன்னேன். “கல்யாண மாப்பிள்ளை நலமா? அன்று மணப்பெண்ணைப் பார்க்க முடியவில்லையே என்று எங்களுக்கு இன்னும் வருத்தம். அவருக்குப் பிஸ்கட் பிடித்திருந்ததா?”

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன். மோட்டாரை ராட்டினமாகச் சுற்ற வைத்தது, கோட்டு, விசாரிப்பார்களே என்ற பயம், முகூர்த்தம், தாடைக்கட்டு எல்லாம். “எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க” என்று முடித்தேன். அந்த வார்த்தையை அன்றுதான் முதன் முதலாகச் சொன்னேன். நாக்கு புண்ணாகிவிடவில்லை.

திடீரென்று போர்வையோடு கட்டில் குலுங்கியது. சின்னத் தாத்தாவுக்கு வலிப்பு என்று பதறினோம். மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார். “எங்கண்ணனுக்குத் தொண்ணூத்தி மூணு வயசுல ரெண்டாங் கல்யாணமா! அதுல நான் கொழுந்தனா?” என்று எழுந்து உட்கார்ந்து, கஞ்சி கொண்டுவரச் சொன்னார். உள்ளேயிருந்து அதே சிரிப்பு கேட்டது. கூடவே, “அந்த டப்பாவ என்ன செய்யிறதுன்னு கேளுங்கப்பா. திங்கலாமா கூடாதான்னு தெரியாம அப்படியே இருக்கு” என்று ஒரு குரல்.

பங்குனியில் பேசி முடித்து, வைகாசியில் கல்யாணம். சின்னத் தாத்தா அதற்குப் பிறகு பதினோரு வருஷம் திடமாக இருந்தார். என்னைப் பார்க்கும்போதெல்லாம், “அந்த அம்மா சொன்ன பேச்சு தவறிட்டா, வரவே இல்லையே” என்பார்.

அந்தப் படத்தைத்தான் சட்டம் போட்டு வாடிப்பட்டி வீட்டில் மாட்டினார்கள். முதலில் என்னை வெட்டிவிடத்தான் பார்த்தார்கள். சட்டம் போடுகிறவர், என் கை நாற்காலிமேல் இருப்பதால் என்னை எடுத்தால் பெரியவரின் தோளும் ஒரு காதும் சேர்ந்து போய்விடும் என்று சொல்லிவிட்டார். ஆக, நானும் தொங்குகிறேன்.

ஒவ்வொரு மார்கழியிலும் தாத்தாவின் திவசத்துக்குப் போகிறோம். படத்துக்குப் பெரிய மாலை போடுவார்கள். அது இருவருக்கும் சேர்த்துத்தான் விழும். ஒரு தடவை தூரத்து உறவுக்காரர் ஒருவர், கண்ணாடி போட்டுக் கம்பீரமாக இருக்கும் தாத்தாவையும், கண் மூடி வாய் பிளந்த என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “இந்தச் சின்ன வயசுல போயிட்டாரே, பாவம்” என்று என் மனைவியிடமே துக்கம் விசாரித்தார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடியதை அவர் அழுகை என்றே நினைத்தார்.

போன திவசத்திலும் பாக்கியம் தாத்தாவின் நெற்றியில் சந்தனம் வைத்தாள். மிச்சத்தை வழக்கம்போல என் நெற்றியில், அதாவது படத்தில் இருக்கிற என் நெற்றியில் தடவினாள். பிறகு இலைக்கு முன்னால் நின்ற என் பக்கம் திரும்பினாள்.

“என்ன முழிக்கிறீக? ரெண்டு பேரையும் விழுந்து கும்பிடுங்க.”